இலக்கை மட்டும் கேட்கும் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள்: சிறுதொழில் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் உறுப்பினர்கள் அனைவருக்கும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒவ்வோர் உறுப்பினரும் வரும் ஆண்டுக்கான விற்றுமுதல் இலக்கை ஒரே ஓர் எண்ணாக எழுதிக் கையெழுத்திட்டுச் சங்கத்திடம் கொடுக்க வேண்டும், அதை எட்டியவர்களுக்கு ஆண்டுக் கூட்டத்தில் விருது வழங்கப்படும் என்பது முதல் முடிவு. ஆண்டுப் பயிற்சியில் இதுவரை ஒருநாள் வகுப்பாக இருந்துவந்த ‘பணி ஒப்படைப்பு’, அதாவது வேலையையும் அதில் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் பிறரிடம் கொடுக்கக் கற்றுத்தரும் பாடம், நீக்கப்படுகிறது என்பது இரண்டாவது முடிவு. நீக்கத்துக்கு நீங்கள் எழுதியிருந்த காரணத்தைப் பலமுறை படித்துப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் வேலைசெய்யும் தொழில்களில் ஒப்படைப்பதற்கு ஆளும் இல்லை, ஒப்படைக்கும் அளவுக்கு வேலையும் இல்லை, அது பெரிய நிறுவனங்களின் பிரச்சினை என்று அதில் இருந்தது.

இந்த இரண்டு முடிவுகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று ஊக்கம் தரும் முயற்சியாகவும் மற்றொன்று சிக்கனமாகவும் தெரியலாம். சேர்த்துப் பார்த்தால், சுமையை ஏற்றிவிட்டுத் தோள் மாற்றக் கற்றுக்கொடுப்பதை நிறுத்துகிறீர்கள். அந்தச் சுமையைத் தனியாளாகத் தூக்கிப் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் 11 பேர் வேலைசெய்யும் ஓர் அச்சகத்தை நடத்துகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், யாரும் கேட்காமலே, இதே போன்ற ஓர் எண்ணை எழுதி என் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். ஓராண்டுக்குள் விற்றுமுதல் ஒன்றரை மடங்காக வேண்டும் என்பதுதான் அது. எண்ணில் தவறில்லை. தேடிவந்த வேலைகளை நேரமில்லாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அதை எழுதிய அன்று, அச்சகத்தில் என்னைத் தவிர வேறு யாரும் முடிவெடுக்க முடியாத வேலைகள் எத்தனை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. விலை சொல்வது, காகிதம் வாங்குவது, புரூஃப் பார்ப்பது, எந்த வேலை முதலில் இயந்திரத்தில் ஏற வேண்டும் என்று சொல்வது, தாமதமானால் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பது வரை எல்லாமே என் கையில் இருந்தன. வேலை ஒன்றரை மடங்காக வந்தபோது இயந்திரங்கள் தாங்கின, ஆட்களும் தாங்கினார்கள். என் மேசைதான் தாங்கவில்லை.

அந்த ஆண்டின் ஒரு பிற்பகலை மட்டும் சொல்கிறேன். என் தாயாரை அவசரமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்ததால் கைபேசியை அணைத்து வைத்திருந்தேன். நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பெரிய இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. அச்சுத் தகடு பூட்டியாகிவிட்டது, காகிதம் அடுக்கியாகிவிட்டது, உருளைகளில் மை காய்ந்துவிடக் கூடாது என்று இரண்டு முறை கழுவியும் இருந்தார்கள். என் மேசையில் ஓட்டத்தின் முதல் தாள் இருந்தது. அதன் ஓரத்தில், 19 ஆண்டுகளாக இயந்திரம் ஓட்டும் எங்கள் மூத்த தொழிலாளி, ‘நீலம் சற்றுக் கூடுதல்’ என்று பென்சிலால் எழுதி ஒரு வட்டம் போட்டிருந்தார். அதன் கீழே, நீலத்தைக் குறைத்து எடுத்த இரண்டாவது தாள். அது அப்பழுக்கில்லாமல் இருந்தது. சரியாகத்தானே இருக்கிறது, ஏன் ஓட்டவில்லை என்று கேட்டேன். “உங்கள் கையெழுத்து இல்லாமல் ஓட்டக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள், மேடம்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நிறத்தைப் பார்ப்பதில் அவர் கண் என் கண்ணைவிடத் தேர்ந்தது என்பது அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஒரு முழுப் பிற்பகல் அந்தக் கண் என் பேனாவுக்காகக் காத்திருந்தது.

குழுவினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆண்டு நான் என் இலக்கை எட்டினேன். உங்கள் விருது அப்போது இருந்திருந்தால் மேடையேறி வாங்கியிருப்பேன். அதே ஆண்டில்தான் பழகிய தொழிலாளிகள் இருவர் வேலையை விட்டுப் போனார்கள், தவறாக அச்சடித்து மறுபடி அச்சிட்ட வேலைகள் அதற்கு முந்தைய எந்த ஆண்டையும்விடக் கூடின, அனுப்ப வேண்டிய பில்களைக்கூட அனுப்ப நேரமில்லாமல் வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் நின்றது. நீங்கள் கேட்கும் அந்த ஒற்றை எண்ணில் இவற்றில் எதுவும் தெரியாது. ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுத்தால் கிடைப்பது பரிசு கொடுக்கப்பட்டதுதான் என்பதை ஸ்டீவன் கெர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1975இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். உறுப்பினர்களின் தொழில் நிலைத்து நிற்க வேண்டும் என்பது சங்கத்தின் எதிர்பார்ப்பு. நீங்கள் பரிசளிக்கப்போவதோ ஓராண்டு மூச்சுப்பிடித்து ஓடியதற்கு.

இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இலக்கின் பயனைப் பற்றி எட்வின் லாக், கேரி லேத்தம் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகளை நம் பயிற்சி வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். ‘முடிந்ததைச் செய்யுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, குறிப்பான, சற்றே கடினமான இலக்கு கூடுதல் பலன் தரும் என்பது அவர்களுடைய அடிப்படை முடிவு. ஆனால் அந்த இலக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். 1975இல் வெளிவந்த லேத்தமின் ஆய்வு ஒன்று மரத்தடிகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர்களைப் பற்றியது. சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதம் மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் 94 சதவீதம் என்று ஓர் இலக்கு வைக்கப்பட்டது. பணப்பரிசு கிடையாது, எட்டாவிட்டால் தண்டனையும் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சில மாதங்களில் ஏற்றும் எடை 90 சதவீதத்தை ஒட்டி உயர்ந்து அங்கேயே நின்றது. ஏற்றிய எடையை இன்னும் சரியாகக் கணிப்பதற்கு லாரியில் என்னென்ன சிறு மாற்றங்கள் செய்யலாம் என்று ஓட்டுநர்களே சொல்லத் தொடங்கினார்கள். இலக்கு முதலாளியின் அலுவலகச் சுவரில் தொங்கவில்லை. வண்டியில் தடிகளை ஏற்றுபவரின் கையில் இருந்தது, எப்படி ஏற்றுவது என்ற முடிவும் அவரிடமே இருந்தது.

மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954இல் இலக்குவழி மேலாண்மையை முன்வைத்தபோது ‘இலக்குகளாலும் தன்கட்டுப்பாட்டாலும்’ நிர்வகிப்பது என்றுதான் அதற்குப் பெயரிட்டார். வேலை செய்பவர் தன் வேலையைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்வது அதில் சரிபாதி. உங்கள் படிவம் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியைக் கிழித்துவிட்டது. நீக்கப்படும் வகுப்பு அந்தப் பின்பாதிதான்.

இனி, ஒப்படைக்க ஆள் இல்லை என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன். அந்தப் பிற்பகலுக்குப் பிறகு ஒரு நோட்டை என் மேசையில் வைத்து, என்னிடம் யார் என்ன கேட்டு வந்தாலும் ஒரே வரியில் எழுதிவைத்தேன். இரண்டு வாரங்களில் நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் சேர்ந்தன. ‘இந்த அட்டை தீர்ந்துவிட்டது, அடுத்த ரகத்தை எடுக்கலாமா’, ‘வாடிக்கையாளர் நாளைக்குப் பதில் நாளை மறுநாள் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார், சரி என்று சொல்லட்டுமா’, ‘கட்டிங் மெஷின் பிளேடு மாற்றலாமா’ என்று பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தபோது, பாதிக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கான விடை, கேட்டவருக்கே தெரிந்திருந்தது என்பது புரிந்தது. கட்டிங் மெஷினில் நிற்பவருக்குத் தெரியாதா பிளேடு மழுங்கிவிட்டது என்று? அவர்கள் கேட்டது விடையை அறிவதற்காக இல்லை, அனுமதிக்காக. ஆள் இல்லை என்று நானும் அதுவரை நம்பியிருந்தேன். ஆள் இருந்தார்கள், அவர்களுக்கு அதிகாரம்தான் இல்லை.

வில்லியம் ஆங்கன், டொனால்ட் வாஸ் என்ற இருவர் 1974இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் குரங்கு தாவுவதற்கு ஒப்பிட்டார்கள். பணியாளர் ஒரு பிரச்சினையோடு வருகிறார், ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று மேலாளர் சொன்ன கணமே அவர் தோளிலிருந்த குரங்கு இவர் தோளுக்குத் தாவிவிடுகிறது. பெரிய நிறுவனத்தில் அந்தக் குரங்கைப் பங்குபோட நடுவில் பல தோள்கள் உண்டு. நம்மைப் போன்றவர்களின் தொழிலில் எல்லாக் குரங்குகளும் ஒரே தோளில்தான் வந்து உட்காரும். ஆகவே பணி ஒப்படைப்பு பெரியவர்களைவிட நமக்கே அவசரத் தேவை. நீங்கள் சொல்லும் காரணம் உங்கள் முடிவுக்கு நேர் எதிராகச் சாட்சி சொல்கிறது.

ஒப்படைப்பது தானாக வந்துவிடும், அதற்கு வகுப்பு எதற்கு என்று கேட்பவர்கள் குழுவில் இருக்கலாம். என் முதல் முயற்சி எப்படி முடிந்தது என்பதை அவர்களுக்காகச் சொல்கிறேன். நோட்டைப் படித்த வேகத்தில், மறுநாளே, காகிதம் வாங்கும் வேலையை பைண்டிங் பிரிவில் இருந்த ஓர் இளைஞரிடம் கொடுத்து, “இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் ஒரு புத்தக வேலைக்கான அட்டையைச் சரியான ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை அளவில்), நான் வாங்குவதைவிடக் குறைந்த விலையில் வாங்கிவந்தார். ஆனால் அட்டையின் நார் ஓடும் திசை மடிப்புக்குக் குறுக்காக இருந்தது. மடித்த இடமெல்லாம் முதுகில் வெள்ளைவெள்ளையாக வெடித்தது. நார் மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும் என்பது 20 ஆண்டுகளாக என் தலைக்குள் மட்டுமே இருந்த விஷயம். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை, எங்கும் எழுதிவைத்ததும் இல்லை. எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டேன். அடுத்த கொள்முதலில் அவர் கேட்ட விலைப்பட்டியலை அவருக்குத் தெரியாமல் வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் வேலையைப் பிடுங்கி என் மேசைக்கே கொண்டுவந்துவிட்டேன். வெடித்த அட்டைகளைவிட அந்த இளைஞரின் முகம்தான் இன்றும் எனக்கு நினைவில் நிற்கிறது.

திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ 51ஆம் அதிகாரம், ‘தெரிந்துவினையாடல்’ 52ஆம் அதிகாரம். ஆளை ஆராய்ந்து தெளிவது முதலில் வருகிறது, வேலையைக் கையில் கொடுப்பது அதன் பிறகே. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று 51ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. நான் அந்த இரண்டு தவறுகளையும் ஒரே மனிதரிடம் மூன்றே வாரத்தில் செய்தேன். வேலையைத் தூக்கிப் போடுவதும் ஒப்படைப்பதும் வெவ்வேறு காரியங்கள். அந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது, நீங்கள் இப்போது நீக்கியிருக்கும் அந்த ஒருநாள் வகுப்புதான்.

வகுப்புக்குப் போய்வந்த பிறகு அதே இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டு, இருவருமாக உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். மூன்று மாதத்தில் எந்த வேலையும் காகிதம் இல்லாமல் நிற்கக் கூடாது, வீணாகும் காகிதம் குறைய வேண்டும் என்று இலக்கை எழுதினோம். எவ்வளவு தொகை வரை அவரே முடிவெடுக்கலாம், எதை முடிவெடுத்துவிட்டு எனக்குச் சொன்னால் போதும், எதை என்னிடம் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்று எல்லைகளை எழுதினோம். நார் திசை உட்பட என் தலைக்குள் இருந்த 14 குறிப்புகளைப் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன். முதல் மாதம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒரு முறை, கால் மணி நேரம் பேசுவது என்று முடிவுசெய்தோம். இடையில் எட்டிப் பார்ப்பதில்லை என்பது நான் கொடுத்த வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. கை பரபரக்கும். அவர் செய்வது என் வழியில் இல்லாதபோது, தவறாகவே போய்விடும் என்று மனம் அடித்துக்கொள்ளும். பல நேரங்களில் அவர் வழி என் வழியைவிட நன்றாக இருந்தது, சில நேரங்களில் இல்லை.

முதல் தாளுக்கான கையெழுத்து இப்போது இயந்திரம் ஓட்டுபவருடையது. எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை. ஆள் சேர்ப்பது, கடன் வாங்குவது, புது இயந்திரம் வாங்குவது ஆகியவை என்னிடமே உள்ளன, இருக்கவும் வேண்டும். எதை விடக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் அந்த வகுப்பில் கற்ற பாடமே.

படிவத்தைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. இலக்கை மேலிருந்து கொடுக்கலாமா, வேலை செய்பவரோடு சேர்ந்துதான் வைக்க வேண்டுமா என்பதில் கேரி லேத்தமுக்கும் மிரியம் எரெஸ் என்ற ஆய்வாளருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அவரவர் ஆய்வு அவரவர் பக்கமே பேசியது. இருவரும் லாக்கை நடுவராக வைத்து ஒரே சோதனைகளைச் சேர்ந்து வடிவமைத்து, முடிவை 1988இல் வெளியிட்டார்கள். ஏன் இந்த இலக்கு என்று காரணம் சொல்லிக் கொடுத்தால், மேலிருந்து கொடுத்த இலக்கும் ஏறக்குறைய சேர்ந்து வைத்த இலக்கைப் போலவே வேலை செய்தது. காரணம் சொல்லாமல் ‘இதைச் செய்’ என்று வெட்டென்று சொன்ன இடத்தில்தான் அது தோற்றது. உங்கள் படிவத்தில் காரணம் எழுத ஒரு வரி இடம்கூட இல்லை. அந்த எண்ணைச் சுமக்கப்போகும் தொழிலாளிகளுக்கு அதைச் சொல்லியாகிவிட்டதா என்ற கேள்வியும் இல்லை. உறுப்பினர்களில் பலர் அந்த எண்ணை வேலையாட்களிடம் காட்டவே மாட்டார்கள். உரிமையாளரின் மனத்தில் மட்டும் இருக்கும் இலக்கு உரிமையாளரின் தூக்கத்தை மட்டுமே கெடுக்கும்.

நீக்கப்பட்ட வகுப்பு குறையற்றது என்று வாதாடவும் மாட்டேன். அதில் காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகள் துறைத் தலைவர்களும் உதவி மேலாளர்களும் உள்ள நிறுவனங்களைப் பற்றியவை. அட்டவணைகள் நமக்குப் பொருந்தாதவை. ஒரே நாளில் அத்தனையும் மனத்தில் பதியவும் இல்லை. வருகை குறைந்துகொண்டே போனது என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். கடையை விட்டு ஒரு நாள் வெளியே வர முடியாதவர்களால் அந்த வகுப்புக்கு வர முடியவில்லை, அவர்களுக்குத்தான் அது மிகவும் தேவைப்பட்டது. வருகைக் குறைவை விருப்பமின்மை என்று படிக்காமல் இந்தக் கண்ணால் பார்த்திருந்தால், நீங்கள் வகுப்பை நீக்கியிருக்க மாட்டீர்கள், நேரத்தை மாற்றியிருப்பீர்கள்.

ஆகவே நிர்வாகக் குழுவை இவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். விற்றுமுதல் எண்ணை மட்டும் கேட்கும் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்கு மாற்றாக ஒரு படிவம் வேண்டும் என்றால், ஆண்டுக்கான இலக்கு, அதற்கான காரணம், அதன் எந்தப் பகுதி யாருடைய பொறுப்பு, அவர் தானே எடுக்கக்கூடிய முடிவுகள் எவை ஆகிய நான்கையும் கேளுங்கள். அதில் உரிமையாளரோடு குறைந்தது ஒரு தொழிலாளியின் கையெழுத்தும் இருக்கட்டும். ஒப்படைப்பு வகுப்பை மீண்டும் சேருங்கள். ஆனால் முழு நாளாக வேண்டாம், மாலை நேரத்தில் இரண்டு மணி நேர அமர்வுகள் நான்காக, இரண்டு வார இடைவெளியில் நடத்துங்கள். ஓர் அமர்வில் எழுதியதைத் தொழிலில் செய்து பார்த்துவிட்டு அடுத்த அமர்வுக்கு வர முடியும். ஒவ்வோர் உறுப்பினரும் தாம் பொறுப்புக் கொடுக்கப்போகும் ஒருவரையும் உடன் அழைத்துவர அனுமதியுங்கள். விருது கட்டாயம் வேண்டும் என்று குழு கருதினால், உரிமையாளர் தொடர்ந்து ஒரு வாரம் இல்லாமலும் வாக்களித்த நாளில் வேலைகளை முடித்துக்கொடுத்த தொழில்களை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எழுதிய அந்த ஒருபக்கத் தாளையும், கேள்விகள் நிறைந்த அந்த நோட்டையும் குழுவின் பார்வைக்குக் கொண்டுவர நான் தயாராக இருக்கிறேன். முதல் அமர்வில் என் அட்டை வெடித்த கதையை நானே சொல்கிறேன். காகிதம் வாங்கும் அந்த இளைஞரும் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார்.

வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்து, எடுக்கும் முடிவை எழுத்து வடிவில் உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரிவியுங்கள். அதுவரை எனக்கு வந்த படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர், சங்க உறுப்பினர்